‘நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்’: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை அமைச்சர், செயலாளர், பொது சுகாதாரத் துறை இயக்குநர்

வணக்கம்.

48 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று வாரமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவர் காதில் முதலில் விழும் பதில் பெரும்பாலும் இதுதான்: “நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்.” அம்மா சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், மருந்துக்கடையில் சொல்வார்கள். சில நேரம் மருத்துவமனையிலும் சொல்லிவிடுகிறார்கள். மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் சுழற்சி தடுமாறும் என்பது உண்மைதான். நாள் தள்ளிப்போகும், போக்கு குறையும், பிறகு நின்றுவிடும். ஆனால் போக்கு பெருகுவது, வாரக்கணக்கில் நீள்வது, இடையிடையே படுவது ஆகியவற்றை வயதின் மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் அது எந்த வயதிலும் இயல்பு அல்ல.

மகளிர் நல மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை சுருக்கமானது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் படிவத்தில் மாதவிலக்கு பற்றி நான்கு கேள்விகளைச் சேர்க்க வேண்டும். அந்தக் கேள்விகளில் சிக்கும் பெண்ணுக்கு அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை எழுத்தில் வகுக்க வேண்டும். இந்த நான்கு கேள்விகளும் ஹார்மோன்களைப் பற்றியவையே. அதை விளங்கச் சொல்ல, கர்ப்பப்பைக்குள் மாதந்தோறும் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சுழற்சியின் முதல் பாதியில் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அது கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கிறது. முட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கும். ஏறக்குறைய 14 நாள் சுரந்து ஓயும். ஈஸ்ட்ரோஜன் பயிரை வளர்ப்பது என்றால், புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திக் கதிரை முற்ற வைப்பது. கரு தங்காவிட்டால் இரண்டும் இறங்கும், சவ்வு மொத்தமாக உதிரும். அதுதான் மாதவிலக்கு. 24 நாள் முதல் 38 நாள் வரையிலான இடைவெளியும், 8 நாளுக்கு மேற்படாத போக்கும் இயல்பானவை.

முட்டை வெளியேறாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருக்கிறது. சவ்வு வளர்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் அங்கங்கே பிய்ந்து உதிர்கிறது. அதனால்தான் இரண்டு மூன்று மாதம் வராமல் இருந்து, வந்தால் நிற்காமல் போகிறது. ஓரிரு மாதம் இப்படி நடந்தால் பெரிய தீங்கு இல்லை. ஆண்டுக்கணக்கில் நடந்தால் சவ்வின் சுரப்பிகள் நெருங்கிப் பெருகும். இதற்கு மிகைவளர்ச்சி என்று பெயர். செல்களின் உருவம் மாறாத மிகைவளர்ச்சி 20 ஆண்டில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. செல்களின் உருவமே மாறிவிட்டால் நிலைமை வேறு. அப்படிக் கண்டறியப்பட்டுக் கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்களில் 42.6 சதவீதத்தினருக்கு அதே நேரத்தில் புற்றுநோயும் இருந்ததாக 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இரண்டுக்கும் ஸ்கேனில் ஒரே தோற்றம்தான், தடித்த சவ்வு. சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

ஈஸ்ட்ரோஜன் தனித்து நின்றால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் ஒரு பெரிய தவறின் வழியாகக் கற்றது. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். அவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பல மடங்கு கூடியதை 1975-இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. அதற்குப் பிறகு, கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் கொடுத்தாக வேண்டும் என்பது விதியாயிற்று. விட்டுவிட்டுக் கொடுப்பதானால் மாதத்தில் 12 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் அந்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அதிகம் புழங்கவில்லை. ஆனால் அதே நிலைமையை உடலே உண்டாக்கிக்கொள்கிறது, இரண்டு வழியில்.

முதல் வழி, ‘நீர்க்கட்டி’ என்று எல்லோரும் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதத்தினருக்கு இது இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் இன்சுலின் அளவு ஏறுகிறது. ஏறிய இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோன்களை அதிகம் சுரக்கத் தூண்டுகிறது. கல்லீரலில் அந்த ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் குறைக்கிறது. முட்டை முதிர்வது பாதியில் நின்றுவிடுகிறது. பாதியில் நின்ற முட்டைக் குமிழ்கள்தாம் ஸ்கேனில் மணிமணியாகத் தெரிபவை. அவை கட்டிகள் அல்ல, எடுக்க வேண்டியவையும் அல்ல. ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லே பல பெண்களை ‘எப்போது ஆபரேஷன்?’ என்று கேட்கவைக்கிறது. துறையின் விழிப்புணர்வுத் தாள்களிலாவது அந்தச் சொல்லோடு ஒரு வரி விளக்கம் சேர வேண்டும்.

இரண்டாவது வழி உடல் கொழுப்பு. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மாதவிலக்கு நின்று சினைப்பை ஓய்ந்த பிறகும் இந்த உற்பத்தி ஓய்வதில்லை. எடை கூடக் கூட அது கூடும். தடுக்கப் புரோஜெஸ்டிரோனும் இல்லை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை கொண்டவர்கள்.

இங்கேதான் உங்கள் திட்டம் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் யாருடைய வாசலில் நிற்கிறார்கள்? சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள, எடை கூடிய, நடுவயதைத் தாண்டிய பெண்களின் வாசலில். கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகமுள்ள பெண்களின் பட்டியலை ஒருவர் புதிதாகத் தயாரிக்கப் போனால், ஏறக்குறைய இதே பட்டியல்தான் கையில் கிடைக்கும். தன்னார்வலரின் பையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. கேள்வி மட்டும்தான் இல்லை.

கேள்விகள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். ‘அசாதாரண உதிரப்போக்கு உள்ளதா?’ என்று படிவத்தில் அச்சிட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். எது அசாதாரணம் என்பது தெரியாததுதானே பிரச்சினை. ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது, இப்படிக் கேட்கலாம்:

“அம்மா, உங்களுக்கு நின்னு ஒரு வருஷம் ஆயிடுச்சா? அதுக்கப்புறம் எப்பவாவது ஒரு சொட்டாவது பட்டுச்சா? பழுப்பாவோ, ரோஸ் கலராவோ?”

“அக்கா, கடைசியா எப்போ வந்துச்சு? இந்த வருஷத்துல மூணு மாசத்துக்கு மேல வராம இருந்துச்சா?”

“வந்தா எட்டு நாளுக்கு மேல போகுதா? ராத்திரி எழுந்து துணியோ நாப்கினோ மாத்துறீங்களா? ஒரு ரூபா காசை விடப் பெரிசா கட்டி விழுதா? ரெண்டு மாதவிலக்குக்கு நடுவுல, இல்ல வீட்டுக்காரரோட இருந்த பிறகு படுதா?”

“தள்ளிப்போடவோ, நிறுத்தவோ, வரவைக்கவோ மாத்திரை போட்டீங்களா? இந்த வருஷம் எத்தனை தடவை?”

முதல் கேள்விக்கு ‘ஆமாம், நின்ற பிறகு பட்டது’ என்றால், இரண்டு வாரத்துக்குள் அந்தப் பெண் மகளிர் நல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படும் பெண்கள் நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. மற்றவர்களுக்குச் சவ்வு மெலிந்திருப்பது, சிறு சதைவளர்ச்சி போன்ற எளிய காரணங்களே. திருப்பிப் பார்த்தால் இன்னும் முக்கியமான ஒன்று தெரியும். இந்தப் புற்றுநோய் வந்த வயது முதிர்ந்த பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு முதல் அறிகுறி ரத்தம் படுவதுதான். உடல் தானே முன்கூட்டிச் சொல்லிவிடும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. இது சொல்கிறது, அதுவும் பெரும்பாலும் கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவும் முன்னரே.

ஒரு குழப்பத்தையும் நீக்க வேண்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்து ‘நார்மல்’ என்று சொல்லப்பட்ட பெண், தன் கர்ப்பப்பை முழுவதும் நலமாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். அந்தப் பரிசோதனை வாசலை மட்டும் பார்க்கிறது. உள்ளறையைப் பார்ப்பதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூலகாரணம் எச்.பி.வி. வைரஸ். உட்சவ்வுப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஹார்மோன். பரிசோதனைச் சீட்டில் இந்த வரியை அச்சிட்டுத் தாருங்கள்: “இது கர்ப்பப்பையின் வாயை மட்டும் சோதித்தது. ரத்தம் பட்டால் மீண்டும் வரவும்.”

அடுத்து, சிக்கும் பெண்ணுக்கு என்ன செய்வது. மாதவிலக்கு நின்றவருக்கு முதலில் உள்வழி ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்ப்பது. சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு, கவனித்து வரலாம். 4-ஐத் தாண்டினால் சதைப் பரிசோதனை. 4-க்குக் கீழே இருந்தும் திரும்பத் திரும்பப் பட்டால் அப்போதும் சதைப் பரிசோதனைதான். சில வகைப் புற்றுநோய்கள் சவ்வைத் தடிக்க வைப்பதில்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனை நம்பி ‘சவ்வு மெல்லியது’ என்று எழுதுவது பிழை. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு இந்த 4 மில்லிமீட்டர் கணக்கு பொருந்தாது. சுழற்சியின் நாளைப் பொறுத்து அவருடைய சவ்வு அதைப் போல மூன்று மடங்கு இருப்பதும் இயல்பே. அவருக்கு வயதும் அறிகுறியும்தான் அளவுகோல். 45-ஐத் தாண்டி இயல்பு மாறிய போக்கு இருந்தால் சதைப் பரிசோதனை தேவை. பி.சி.ஓ.எஸ்., உடல் பருமன், குடும்பத்தில் பெருங்குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய், மருந்து கொடுத்தும் நிற்காத போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதற்கு முன்பே தேவை.

சதைப் பரிசோதனை என்றதும் மயக்க மருந்தும் ஆபரேஷன் தியேட்டரும் நினைவுக்கு வருகின்றன. அவசியமில்லை. ‘பைப்பெல்’ என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பின், ஒரு மணி நேரம் முன்பு மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரை கொடுத்து, புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் சதையை எடுத்துவிடலாம். மாதவிலக்கு வலியைப் போன்ற ஒரு பிடிப்பு இருக்கும், சிறிது நேரத்தில் அடங்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக இந்தக் குழாய் தாலுகா மருத்துவமனை வரை தட்டுப்பாடில்லாமல் சென்று சேர வேண்டும்.

எடுத்த சதை வீணாவது எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். சலைனில் போட்டு வைத்தால் செல்கள் அழுகி, அறிக்கை தர இயலாமல் போகும். பாட்டிலின் மூடியில் பெயர் எழுதினால் மூடி மாறும்போது நோயாளியும் மாறிவிடுவார். பாட்டிலின் உடலில் எழுத வேண்டும். கூடவே செல்லும் சீட்டில் வயது, கடைசி மாதவிலக்குத் தேதி, கடந்த மூன்று மாதத்தில் எடுத்த ஹார்மோன் மருந்து ஆகிய மூன்றும் கட்டாயம். புரோஜெஸ்டிரோன் வகை மருந்து சவ்வின் தோற்றத்தையே மாற்றிவிடும். நோயியல் மருத்துவருக்கு அது தெரியாவிட்டால் மிகைவளர்ச்சியைத் தவறவிடக்கூடும். ‘போதிய சதை இல்லை’ என்று அறிக்கை வந்தால் அது ‘நோய் இல்லை’ என்ற அறிக்கை அல்ல. சவ்வு தடித்திருந்தால், அல்லது ரத்தம் தொடர்ந்தால், ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம் உள்ளே நேராகப் பார்த்து எடுக்க வேண்டும். ‘சுத்தம் செய்துவிட்டோம்’ என்று டி அண்ட் சி (உட்சவ்வைச் சுரண்டி எடுப்பது) செய்துவிட்டு அந்தச் சதையைச் சோதனைக்கு அனுப்பாமல் விடுவதைத் துறை வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். அந்தப் பெண் வலியையும் செலவையும் தாங்கியது அந்தச் சதைக்காகத்தான்.

உருவம் மாறாத மிகைவளர்ச்சி என்று அறிக்கை வந்தால் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் கொண்ட ஹார்மோன் காப்பர்-டி (பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அதில் செம்பு கிடையாது) கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்து தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் மருந்தைக் கசியவிடுகிறது. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும், சவ்வுக்கோ முழு அளவில் கிடைக்கும். இதுவே முதல் தேர்வு. அது இயலாதவருக்கு மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 10 முதல் 20 மில்லிகிராம், அல்லது நாரெத்திஸ்டிரோன் 10 முதல் 15 மில்லிகிராம், நாள்தோறும், இடைவிடாமல், குறைந்தது 6 மாதம். மாதத்தில் பத்து நாள் மட்டும் கொடுப்பது இதற்குப் போதாது. 6 மாதம் கழித்து மறுபடி சதைப் பரிசோதனை. போக்கு நின்றுவிட்டது என்பதற்காக மறுபரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. செல் உருவம் மாறிய வகை என்றால், பிள்ளைப்பேறு முடிந்தவருக்குக் கர்ப்பப்பையை அகற்றுவதே சரி.

இப்போது நான்காவது கேள்விக்கு வருகிறோம். எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கல்யாணம், கோயில் திருவிழா, வீட்டில் விசேஷம், தேர்வு எதுவானாலும் ‘தள்ளிப்போடுற மாத்திரை’ மருந்துக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கிறது. அது நாரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை போடுவது வழக்கம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வரும். உடல்நலமுள்ள பெண்ணுக்கு எப்போதோ ஒருமுறை என்றால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் இந்த மருந்தில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ரடயாலாக மாறுகிறது. நாளுக்கு 15 மில்லிகிராம் எடுப்பவருக்கு அது ஒரு கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜனுக்கு நிகராக வந்து நிற்கும். எனவே காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர் இதைத் தொடக் கூடாது. தள்ளிப்போட எடுக்கும் இந்த மாத்திரை கருத்தடையும் ஆகாது. நாள் தள்ளிப்போனவர் கர்ப்பமா என்று பார்க்காமல் ‘வரவைக்க’ இதைப் போடுவதும் தவறு.

இன்னும் பெரிய கேடு வேறு இடத்தில் நடக்கிறது. 46 வயதுப் பெண்ணுக்குப் போக்கு நிற்கவில்லை. கடையில் இதே மாத்திரை. இரண்டாம் மூன்றாம் நாளில் நின்றுவிடுகிறது. மாத்திரை முடிந்ததும் போக்கு பீறிட்டு வருகிறது. மருந்தை நிறுத்தினால் சவ்வு உதிரும், அது எதிர்பார்க்க வேண்டியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘மாத்திரை விட்டா வந்துடுது’ என்று மறுபடி வாங்குகிறார். இப்படி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். மாத்திரை ரத்தத்தை நிறுத்தியது, காரணத்தை மறைத்தது. உள்ளே மிகைவளர்ச்சி இருந்தால் அரைகுறை அளவில் விட்டுவிட்டுக் கிடைக்கும் மருந்து அதைக் குணப்படுத்துவதும் இல்லை. ஆகவே எங்கள் வேண்டுகோள்: 40 வயதைத் தாண்டிய பெண்ணுக்குச் சீட்டில்லாமல் நாரெத்திஸ்டிரோன் விற்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தனிக் கவனத்துடன் தடுக்க வேண்டும். இரண்டாவது முறை கேட்டு வருபவரை மருந்தாளுநர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அவசரத்துக்குப் போக்கைக் குறைக்க ஹார்மோன் இல்லாத வழி இருக்கிறது. டிரானெக்சாமிக் அமிலம், போக்குள்ள நாட்களில் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில், 5 நாள் வரை. ரத்தம் உறையும் நோய் உள்ளவருக்கு அதுவும் ஆகாது.

பெரும்பாடு என்று பாட்டிமார் சொன்ன அதிகப் போக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே தேசிய ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், எவ்வளவு போகிறது என்று கேட்பதில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் பதிவேட்டில் மூன்றாவது கேள்வியை அப்படியே சேர்த்துவிடலாம். விடை ‘ஆமாம்’ என்றால் தைராய்டு பரிசோதனையும் ஸ்கேனும். தைராய்டு குறைவும் போக்கைப் பெருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஸ்கேனில் அடிக்கடி தெரிவது நார்க்கட்டி (ஃபைப்ராய்டு). அது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டாலும் வளர்வது, மாதவிலக்கு நின்றதும் பெரும்பாலும் சுருங்குவது, புற்றுநோயாவது மிக அரிது. தொல்லை தராத நார்க்கட்டிக்கு எதுவும் செய்ய வேண்டாம். மாதவிலக்கு நின்ற பின்னும் வளர்ந்தால் உடனே பார்க்க வேண்டும்.

இளம் பெண்கள் விஷயத்தில் அவசரம்தான் ஆபத்து. பூப்பெய்திய முதல் ஆண்டில் சுழற்சி ஒழுங்கற்று இருப்பது இயல்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி வரை ஏற்கலாம். பூப்பெய்தி 8 ஆண்டு ஆகும் வரை, ஸ்கேனை வைத்துப் பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்யக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் நலமான சினைப்பையிலும் குமிழ்கள் நிறைய இருக்கும். 14 வயதுச் சிறுமியிடம் ‘உனக்கு நீர்க்கட்டி, குழந்தை பிறப்பது கஷ்டம்’ என்று சொல்லி அனுப்புவது கொடுமை. ஆனால் முதல் ஆண்டுக்குப் பிறகு 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் பார்க்க வேண்டும். வளர்ந்த பெண்ணுக்குப் பி.சி.ஓ.எஸ். உறுதியானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சவ்வு உதிர்வதை உறுதி செய்வதுதான் உட்சவ்வைக் காக்கும் வழி. தானாக வராவிட்டால், கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டு, மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 10 மில்லிகிராம் 10 முதல் 14 நாள் கொடுக்கலாம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியேறுவது மீள்கிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோ. ‘20 கிலோ குறைத்துவிட்டு வா’ என்று சொல்வதை விட ‘4 கிலோ’ என்று சொன்னால் செய்வார்கள்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயில் உட்சவ்வைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே ஒட்டி, ஈஸ்ட்ரோஜனால் வளர்கிறது. புரோஜெஸ்டிரோனுக்கு அது சரியாகக் கட்டுப்படுவதில்லை. சினைப்பையில் வந்தால் ‘சாக்லேட் கட்டி’. பத்தில் ஒரு பெண்ணுக்கு இருந்தும், கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. ‘வலியால் ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் இருக்கிறாயா?’ என்ற கேள்வியைப் பள்ளி மருத்துவக் குழு கேட்டால் அந்த ஆண்டுகள் மிச்சமாகும்.

ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற பயத்தை இந்த மடல் வளர்த்துவிடக் கூடாது. கூட்டுக் கருத்தடை மாத்திரையில், துறை இலவசமாகத் தரும் மாலா-என் உட்பட, புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ந்திருப்பதால் அது உட்சவ்வைக் காக்கிறது. ஐந்தாண்டு எடுத்தால் உட்சவ்வுப் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய கால்பங்கும், சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைகின்றன. நிறுத்திய பின்னும் அந்தக் காப்பு பல ஆண்டுகள் நீடிக்கிறது. மறுபக்கம், ஐந்தாண்டுக்கு மேல் எடுப்பவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது, நிறுத்திப் பத்தாண்டில் பழைய நிலைக்கு வருகிறது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் எடுக்கும் காலத்தில் சிறிது கூடுகிறது. ஆகவே நீண்ட நாள் எடுப்பவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. முதல் அட்டையைக் கையில் கொடுக்கும் முன் ரத்த அழுத்தம் பார்ப்பது கட்டாயம். காசநோய்க்கு ரிஃபாம்பிசினும், வலிப்புக்கு ஃபெனிட்டாயினும் எடுப்பவருக்கு இந்த மாத்திரை பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதேபோல், வாரம் இருமுறை போடத் தொடங்கும் ‘சாயா’ கருத்தடை மாத்திரை பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு ஏற்றதல்ல.

மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் எடுப்பவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்த மருந்து மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், உட்சவ்விலோ ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு உட்சவ்வுப் புற்றுநோய் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, அதன் பலன் அதைவிடப் பெரிது. தொல்லை இல்லாதவருக்கு ஆண்டுதோறும் ஸ்கேனும் தேவையில்லை. ரத்தம் பட்டால் அன்றே வர வேண்டும் என்று மருந்து அட்டையிலேயே தமிழில் அச்சிட்டால் போதும்.

கடைசியாக, கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது சினைப்பையைப் பற்றி. 38 வயதில் நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும்போது, ‘எதற்கு வம்பு’ என்று இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், அன்றே ஈஸ்ட்ரோஜன் விழுந்துவிடுகிறது. உடல் கொதிப்பு, தூக்கமின்மையோடு நிற்பதில்லை. எலும்பு மெலியும், இதய நோய் வாய்ப்பு கூடும். பரம்பரைப் புற்றுநோய் மரபணு உள்ளவருக்கு எடுப்பது வேறு கணக்கு. அப்படி இல்லாதவருக்கு 45 வயதுக்கு முன் நலமான சினைப்பையைத் தொடக் கூடாது. எடுக்க நேர்ந்தவருக்கு, தடை ஏதும் இல்லையென்றால், 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் ஈடு கொடுக்க வேண்டும். கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும்.

பல பெண்களுக்குத் தங்கள் சினைப்பை உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருக்கும். அதைத் தமிழில் நான்கு வரியாகத் தர வேண்டும்: கர்ப்பப்பை எடுக்கப்பட்டதா, கர்ப்பப்பை வாய் எடுக்கப்பட்டதா, வலது சினைப்பை உள்ளதா, இடது சினைப்பை உள்ளதா. ஐந்தாவது வரியாக, சதைப் பரிசோதனை முடிவு வந்த தேதி. அந்தத் தேதி காலியாக இருந்தால், தன்னார்வலர் அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது கேட்டு வாங்கி வரட்டும்.

கேள்விப் படிவம், பரிந்துரைச் சீட்டு, பாட்டில் ஒட்டுத்தாள், டிஸ்சார்ஜ் வரிகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தரவும், தன்னார்வலர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் அரைநாள் பயிற்சி நடத்தவும் அணியமாக இருக்கிறோம். ஒரு வட்டாரத்தில் ஆறு மாதம் செய்து பார்க்க அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்